பங்காளிக்குள்ள சம்பந்தம் வைக்காதே

வாடே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. முகத்த வெளிச்சத்துக்குத் திருப்பு, பாப்போம். அடேயப்பா, உதடு ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு நிக்கி. எச்சி ஒழுகுதது உனக்கே தெரியல. மெட்ராஸுல கைநிறையச் சம்பளம் வாங்குத பிள்ளைய ஒரே ஊசியில தொட்டில் பிள்ளையா ஆக்கி அனுப்பிட்டாகளே அந்தப் பல் டாக்டரம்மா!

நீ வாயத் திறக்காதே. பஞ்சக் கடிச்சிட்டிருக்கே, பேசினா ரத்தம் நிக்காது. நான் பேசுதேன், நீ கேளு. எதிராளி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாம நான் பாட்டுக்குப் பேசுத யோகம் கலியாணமான நாள்லருந்து எனக்கு வாய்ச்சதில்ல. சந்தேகம்னா உங்க ஆச்சியக் கேளு. இப்பக் கேக்காதே, பஞ்ச எடுத்த பிறகு கேளு.

நான் டாக்டரு இல்ல, அத மொதல்லயே சொல்லிருதேன். கவருமெண்டு ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்குத ஜன்னல்ல நின்னு நின்னே முடி நரைச்சவன். ஊருக்கு நான் கம்பவுண்டர். பென்சன் புஸ்தகத்துக்கு மட்டும் பார்மசிஸ்ட். டாக்டருகிட்டச் சொல்ல வெக்கப்படுததயெல்லாம் சனங்க அந்த ஜன்னல்லதான் சொல்லும். “ஐயா, இதோட அதையும் சேத்துத் திங்கலாமா?” இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் பல்லெல்லாம் உதிர்ந்துட்டு. உன் பல்லப் போல ஆயிரக்கணக்குல செலவு வைக்கல. தானா, மரியாதையா வெளிய போயிட்டு.

நீ வாரதுக்கு முன்னாலயே இங்க ஒரு மருத்துவ மாநாடு கூடிக் கலைஞ்சாச்சு. உங்க அத்தை கிராம்புத் தைலத்தோட நிக்கா. கிராம்ப நான் குறை சொல்லமாட்டேன். அதுல இருக்கிற யூஜினால பல் டாக்டருங்களே காலங்காலமா வச்சிப் பொழைக்காங்க. சொத்தைப் பல்லு வலிக்கு நல்லாவே கேக்கும். ஆனா உனக்கு இன்னைக்குக் காலையிலதான் ஈறக் கிழிச்சு, எலும்பக் கொடைஞ்சு, உள்ள படுத்துக்கெடந்த கடைவாய்ப் பல்ல ரெண்டாப் பிளந்து எடுத்துத் தையல் போட்டிருக்கு. அந்தப் பச்சைப் புண்ணுல தைலத்தப் போட்டு அமுக்கினா சதை வெந்துபோகும்.

உங்க மாமா இருக்காகளே, அவுக புகையிலைய அடக்கிக்கிட்டா வலி தெரியாதுங்காக. மாப்பிள்ளையில்லா, மரியாதையாத்தான் சொல்லணும்: அவுக வாயில மிச்சம் இருக்கிற பல்ல எண்ண ஒரு கை போதும். அந்த வைத்தியத்துக்கு அதவிட என்ன சர்ட்டிபிகேட்டு வேணும்? உங்க சித்தப்பன் ஒரு கட்டிங் உள்ள போனா வலி பறந்துரும்ங்கான். வலி இல்லாத அன்னைக்கும் அவனுக்கு அதே மருந்துதான். அவன் கணக்க அப்புறம் பாக்கேன், உன் மாத்திரைப் பையில அவனுக்குன்னே ஒண்ணு கெடக்கு.

தெருக்கோடியிலருந்து வந்த ஒருத்தரு ஆஸ்பிரின் மாத்திரைய அந்தக் குழியிலயே வச்சி அடைக்கச் சொல்லிட்டுப் போறாரு. ஆஸ்பிரின் ஒரு அமிலம்டே. முழுங்கி, ரத்தத்துல கலந்தாத்தான் அது வேலை செய்யும். ஈறுல வச்சா ஈறு வெந்து, வெள்ளையா உரிஞ்சு வரும். அப்படி உரிஞ்ச வாயோட ஜன்னலுக்கு வந்து நின்ன ஆளுகள நான் பாத்திருக்கேன். வந்தது பல்வலி, மிச்சம் வாய்ப்புண்ணு. அதுபோக ரத்தம் உறையுததக் கெடுக்கிற மருந்து அது. பல்லு எடுத்த அன்னைக்கு அத ஏன் தேடிப் போகணும்?

அது போகட்டும். சட்டைப் பையில என்ன மடிச்ச பேப்பரு? எடு இப்படி. நினைச்சேன், செட்டு மாத்திரை! டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்து, அதுக்குள்ளதயும் வாங்கிட்டு, வார வழியில இன்னொரு மெடிக்கல்ல வண்டிய நிப்பாட்டி, “பல்வலிக்கு ஒரு செட்டு கொடுங்கண்ணே”ன்னு கேட்டிருக்கே. படிச்ச பிள்ளை, பாதுகாப்புக்கு ஒண்ணு கூட இருக்கட்டும்னு நினைச்சிருப்பே.

பாரு, கொட்டுதேன். வெள்ளையா உருண்டை ஒண்ணு. ஆரஞ்சுல நீளமா ஒண்ணு. ரெண்டு கலருல கேப்சூல் ஒண்ணு. மஞ்சளா ஒண்ணு. மூலையில பொடிசா ஒரு வெள்ளைப் பொட்டு. எல்லாம் அட்டையிலருந்து கத்திரியால நறுக்கினது. பேரு அச்சடிச்ச பக்கம் கடையிலயே தங்கிட்டு; காலாவதித் தேதி இருந்த மூலை குப்பைக்குப் போயிட்டு; சரக்கு மட்டும் உன் கையில. இதுல எது எதுன்னு கொடுத்தவனையே நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் முழிப்பான்.

செட்டு வாங்குத சனத்த நான் கேலி பண்ணமாட்டேன், கேட்டியா. ஒரு நாள் கூலிய விட்டுட்டு ஆஸ்பத்திரி வரிசையில நிக்க முடியாதவன் கையில இருக்கிற காசுக்கு ஒரு பொட்டலம் வாங்கித் தின்னுட்டு வேலைக்கு ஓடுதான். அவனுக்கு வேற வழி கெடையாது. உனக்கு என்ன கேடு? அந்தப் பொடி வெள்ளைப் பொட்டு பல சமயம் ஸ்டீராய்டா இருக்கும். வீக்கம் வத்தணும்னு பல் டாக்டரே டெக்ஸாமெத்தசோன் கொடுக்குதது உண்டுதான். அது ஆளப் பாத்து, அளவு பாத்துக் கொடுக்குதது. பேரு தெரியாத பொட்டாப் போட்டா, சர்க்கரைக்காரனுக்குச் சர்க்கரை ஏறி நிக்கும், எதனால ஏறுச்சுன்னு அவன் டாக்டருக்கும் புரியாது. மடி அந்தப் பேப்பர. குப்பைக்குப் போகட்டும்.

இப்ப டாக்டரம்மா எழுதினத எடு. அட்டையத் திருப்பிப் பிடி. பெருசா, கலரா அச்சடிச்ச பேரு கம்பெனிக்காரனுக்கு. அடியில கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்துல இருக்கிறதுதான் உனக்கு. படி. காம்பிஃப்ளாம்னு மேல போட்டிருக்கா? உள்ள என்ன? ஐபுபுரூபன் 400 மில்லிகிராம், பாராசிட்டமால் 325. ஒரு மாத்திரைக்குள்ள ரெண்டு மருந்து. மூணு வேளை எழுதியிருக்காக. இதுவரைக்கும் சரி.

இனிமேதான் உங்கம்ம வருதா. பிள்ளைக்கு உடம்பு சுடுத மாதிரி இருக்கேன்னு டோலோ 650-ஐ நாலு வேளை கொடுப்பா. அதுவும் பாராசிட்டமால்தான். முந்தாநாள் பிடிச்ச சளி இன்னும் விடலன்னு நீ கொண்டுவந்த சளி மாத்திரை ரெண்டு வேளை. அதுக்குள்ளயும் 500 பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும். கணக்குப் போடு, நீதான் கம்ப்யூட்டர் பிள்ளையாச்சே. மூணு 325, 975. நாலு 650, 2,600. ரெண்டு 500, 1,000. மொத்தம் 4,575. நல்ல திடகாத்திரமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 4,000-க்கு மேல போகக்கூடாது. மெலிஞ்சவனுக்கும், தினசரி ஊத்துதவனுக்கும், கல்லீரல்ல கோளாறு உள்ளவனுக்கும் அதுலயும் குறைச்சுத்தான். டாக்டரம்மா, உங்கம்ம, நீ, மூணு பேருமாச் சேந்து, பேரு வேற வேறயா இருக்குன்னு ஒரே மருந்த மூணு பாதையில உள்ள தள்ளியிருப்பீங்க.

பாராசிட்டமால் சாது. வயித்தக் கிள்ளாது, ரத்தத்தத் தொடாது. ஆனா அளவு மீறிட்டா அதப்போலக் கள்ளத்தனம் பண்ணுத மருந்து வேற கெடையாது. மொத நாளு ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் ஓங்கரிப்பு, அவ்வளவுதான். ஆளு நல்லாத்தான் இருக்கான்னு வீட்டுல நிம்மதியா இருப்பாங்க. அதுக்குள்ள கல்லீரல் வெந்துக்கிட்டிருக்கும். அசிட்டைல்சிஸ்டீன்னு மாத்து மருந்து இருக்கு, அது சீக்கிரம் ஏறினாத்தான் பலன். அதனால கூடிப்போச்சுன்னு தெரிஞ்சா, உடம்பு எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டு உக்காரக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

சரி, எதோட எதச் சேக்கலாம்? இதுக்கு நம்ம ஊரு சம்பந்த முறையே போதும். பங்காளி வீட்டுல பொண்ணு எடுப்பியா? எடுக்கமாட்டே. மாமன் வீட்டுல எடுப்பே. மருந்துலயும் அதே முறைதான். ஐபுபுரூபன், டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், கீட்டோரோலாக், நாப்ரோக்சன், ஆஸ்பிரின், இதுக அத்தனையும் ஒரே தாயாதிக் கூட்டம். இதுல ஒண்ண முழுங்கிட்டு, வலி விடலயேன்னு இன்னொண்ணையும் முழுங்கினா, வலி ரெட்டிப்பாக் குறையாது. வயித்துப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும்தான் ரெட்டிப்பா வரும். பாராசிட்டமால் வேற குடும்பம். அதனால அந்தக் கூட்டத்துல ஒரே ஒருத்தனையும் பாராசிட்டமாலையும் சேத்து வைக்கலாம், சம்பந்தம் நல்லா விளங்கும். காம்பிஃப்ளாமும், கீட்டோரோலாக் இருக்கிற கீட்டோரால் மாத்திரையும் சேத்துத் திங்குத ஆளுகள ஜன்னல்ல எத்தனை பேரப் பாத்திருக்கேன்! ரெண்டும் பங்காளிங்கன்னா, “நிறம் வேறயா இருக்கேய்யா”ம்பாங்க.

ஏன் விளங்குதுன்னு கேளு. புண்ணான இடத்துல உடம்பு புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு சரக்கச் சுரக்கும். வீக்கம், எரிச்சல், விண்ணு விண்ணுன்னு தெறிக்குத வலி, எல்லாத்தையும் தூண்டிவிடுதது அதுதான். ஆஸ்பிரின் கூட்டம் அது சுரக்கவிடாமத் தடுக்குதுன்னு 1971-ல ஜான் வேன்னு ஒரு இங்கிலாந்துக்காரரு கண்டுபிடிச்சாரு. 1982-ல அதுக்கு நோபல் பரிசு வாங்கினாரு. அந்தச் சரக்கே வயித்துச் சுவத்துக்குக் காவலும் காக்குது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போக வழியும் விடுது. அதனாலதான் அந்தக் கூட்டத்தோட மருந்து எல்லாம் வலியக் குறைச்ச கையோட வயித்தையும் பதம் பாக்குது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையிலயும் தண்டுவடத்துலயும் இருந்து வேலை பாக்குத ஆளு. 1893-லயே வைத்தியத்துக்கு வந்தாச்சு, இன்னும் அது எப்படி வேலை செய்யுதுன்னு விஞ்ஞானிங்க அடிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்க. வழி வேற வேறங்கதனால ரெண்டும் ஒண்ணு விட்டத ஒண்ணு பிடிக்கும்.

ஐபுபுரூபன் பிறந்த கதை உங்க சித்தப்பனுக்குப் பிடிக்கும். நாட்டிங்ஹாம்ல பூட்ஸ் கம்பெனியில ஸ்டூவர்ட் ஆடம்ஸ்னு ஒருத்தரு, மூட்டுவலிக்காரங்களுக்கு ஆஸ்பிரினவிட நல்ல மருந்து வேணும்னு வருசக்கணக்கா மெனக்கெட்டாரு. அவரு ஒரு மாநாட்டுல மொத ஆளாப் பேசவேண்டிய நாளு. முந்தின ராத்திரி கூட்டாளிகளோட உக்காந்ததுல தலை கனத்துப்போய்க் கெடக்கு. தான் செஞ்ச மருந்துலயே 600 மில்லிகிராமப் போட்டுட்டு மேடை ஏறினாரு, தலைவலி போயிட்டு. அந்த மருந்து 1969-ல புரூபன்னு இங்கிலாந்து சந்தைக்கு வந்தது. அதக் கேட்டுட்டு உங்க சித்தப்பன், ‘அப்ப நானும் ஆராய்ச்சியாளன்தான்’னு கெளம்பிருவான், ஊத்தின வயித்துல இந்த மாத்திரையப் போட்டா வயித்துல ரத்தம் கசியுத வாய்ப்பு கூடும்னு அவன்கிட்டச் சொல்லிவை.

உன் பல்லுக்கு இன்னொரு பெருமையும் இருக்குடே. உலகத்துல புதுசா வலி மாத்திரை கண்டுபிடிச்சா, அதச் சோதிச்சுப் பாக்க முக்கியமாத் தேடிப் பிடிக்குதது உன்னப்போலக் கடைவாய்ப் பல்லு எடுத்த இளவட்டங்களத்தான். வேற நோய்நொடி இருக்காது, எல்லாருக்கும் ஒரே இடத்துல ஒரே மாதிரிக் காயம், எத்தனை மணிக்கு வலி ஏறும்னும் தெரியும். அப்படிச் சோதிச்சதையெல்லாம் சேத்து 2013-ல காக்ரேன் அமைப்பு கணக்கெடுத்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையத் தின்ன 100 பேருல 7 பேருக்குத்தான் வலி பாதிக்குப் பாதியாவது குறைஞ்சது. ஐபுபுரூபன் 400 மட்டும் தின்னவங்கள்ல 52 பேரு. 400-ஓட பாராசிட்டமால் 1,000 சேத்துத் தின்னவங்கள்ல 73 பேரு. இதவிட வேடிக்கை, ஐபுபுரூபன் வெறும் 200, பாராசிட்டமால் 500, இப்படிப் பாதிப் பாதியாச் சேத்துத் தின்னவங்கள்லயே 69 பேருக்குக் குறைஞ்சிட்டு. ஒத்தை மருந்துல முழு அளவு தின்னவனவிட, ரெண்டுலயும் பாதி அளவு தின்னவன் சுகமா இருந்திருக்கான். கூடக் கூடத் தின்னா கூடக் கூடச் சுகம்னு நினைக்குத நம்ம தெருவுக்கு இந்தக் கணக்கத் தண்டோராப் போட்டுச் சொல்லணும்.

அமெரிக்காக்காரன் இத ரொம்ப லேட்டாத்தான் ஒத்துக்கிட்டான். பல்லு எடுத்த பிள்ளைகளுக்கு அபின் வம்சத்து மாத்திரைய டப்பி டப்பியா எழுதிக் கொடுத்த தேசம் அது. ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் கலந்த வைக்கோடின் அதுல பேருபோனது. பதினேழு பதினெட்டு வயசுல பல்லு எடுக்கப் போய், மாத்திரைக்குப் பழகிட்டு வந்த பிள்ளைக கதை அங்க ஏராளம். கடைசியில ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் 1,800-க்கு மேல ஆளுகள வச்சி நேருக்கு நேராப் பாத்தாங்க. 2025-ல முடிவு வந்தது. ஒரு பக்கம் ஹைட்ரோகோடோன் கலவை, இன்னொரு பக்கம் ஐபுபுரூபன் 400-உம் பாராசிட்டமால் 500-உம். சாதா மாத்திரைதான் ஜெயிச்சது. வலியும் குறைவு, தூக்கமும் மேலு. அதுக்கு முன்னாலயே, 2024-ல அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்து வழிகாட்டுதலும் இந்தச் சாதா மாத்திரைகளைத்தான் மொத வரிசையில வச்சது. நம்ம ஊருல அந்த வம்சத்துக்கு டிரமடால்னு ஒரு தம்பி இருக்கான். 2018-லருந்து அவன் போதைப்பொருள் சட்டத்துக்குள்ள. பாராசிட்டமாலோட கலந்தும் வருவான். தலையச் சுத்தும், குமட்டிக்கிட்டு வாந்தி வரும். வாயில தையலோட வாந்தி எடுத்துப் பாரு, பிறகு பல்வலிய மறந்தே போவே. வேற வழியே இல்லன்னு டாக்டரு எழுதினா மட்டும் அந்தப் பக்கம் போ.

மணி பாத்துக்கோ. இது முக்கியம். அந்த மரத்துப்போற ஊசி அஞ்சாறு மணி நேரம் தாங்கினாப் பெரிய விசயம். “இப்பத்தான் வலியே இல்லையே, எதுக்கு மாத்திரை? சூடாச்சே”ன்னு உங்கம்ம தடுப்பா. அங்கதான் நம்மாளுக ஏமாறுதது. மரப்பு விட்ட பிறகு வலி மேல ஏறி உக்காந்துட்டா, மாத்திரை அதத் துரத்திப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நீ தெருவையே கூட்டிருவே. உதட்டுல மதமதப்பு இருக்கும்போதே மொத மாத்திரை உள்ள போயிரணும். வெறும் வயித்துல வேண்டாம். பஞ்ச எடுத்ததும் ஆறின கஞ்சியோ, குழைய வடிச்ச சோத்துல தயிரோ, அடுத்த பக்கமா வச்சி முழுங்கு. மரத்த உதட்டையே சோறுன்னு நினைச்சிக் கடிச்சிராதே. மொத ரெண்டு மூணு நாளு மணி தவறாமப் போடு, வலி வந்தாலும் வராட்டாலும். பிறகு குறைச்சுக்கிட்டே வந்து நிப்பாட்டிரு. வீரத்த வேற எங்கயாவது காட்டு.

சில மாத்திரையில மூணாவதா ஒருத்தன் தொத்திக்கிட்டு வருவான், செராஷியோபெப்டிடேஸ்னு. வீக்கம் வத்தும்பாங்க. பட்டுப்புழு குடல்ல இருக்கிற ஒரு பாக்டீரியாவுலருந்து எடுத்தது. ஜப்பான்ல இத வித்த தக்கேடா கம்பெனி, மறுபடி சோதிச்சுப் பாத்தப்ப வெறும் மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியலன்னு 2011-ல தானா முன்வந்து சந்தையிலருந்து எடுத்துட்டு. நம்ம ஊருல இன்னும் ஜாம்ஜாம்னு ஓடுது. டாக்டரு எழுதினா சண்டைக்குப் போகாதே. எழுதலன்னா கேட்டு வாங்காதே. ஐஸ் கட்டிய துணியில சுத்தி, இன்னைக்கு முழுக்க விட்டு விட்டுக் கன்னத்துல வை, அது போதும். எப்படியும் நாளைக்கும் மறுநாளும் கன்னம் வீங்கத்தான் செய்யும். கண்ணாடியப் பாக்காதே, போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதே.

கண்டதையும் ஒரே மாத்திரையில கலக்குத வியாபாரம் நம்ம தேசத்துல கொடிகட்டிப் பறந்த கூத்து. 2016 மார்ச்சுல 344 கலவை மருந்தத் தடை பண்ணினாங்க. கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போய், சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் இழுத்தாங்க. 2018-ல கவருமெண்டு மறுபடி 328-ஐத் தடை பண்ணிச்சு. 2024 ஆகஸ்டுல இன்னொரு 156. அதுல அசிக்ளோபினாக் 50-உம் பாராசிட்டமால் 125-உம் கலந்ததும் ஒண்ணு. கலவைன்னாலே நல்லதுன்னு இல்ல, கலவைன்னாலே கெட்டதுன்னும் இல்ல. எதோட எது, எவ்வளவுங்கதுதான் கேள்வி.

சிறுநீரகம்னு சொன்னேன் பாரு, அதுக்குச் சாட்சி ஆகாசத்துல இருந்தது. நான் சின்னப்பிள்ளையா இருக்கையில மாடு செத்துக் கெடந்தா வானம் கொள்ளாமப் பாறுக் கழுகு வட்டம் போடும். இன்னைக்கு ஒண்ணக் காட்டு பாப்போம். மாட்டுக்கு வலி தீர டைக்ளோபினாக் ஊசி போட்டாங்க. அந்த மாடு செத்துப் பாறு தின்னது. தின்ன பாறு சிறுநீரகம் கெட்டுக் கும்பல் கும்பலா விழுந்தது. காரணம் 2004-லதான் வெளிய வந்தது. 2006-ல மாட்டு வைத்தியத்துல அத இந்தியாவுல தடை பண்ணினாங்க. 2023-ல அசிக்ளோபினாக்கையும் கீட்டோபுரோபனையும் சேத்துத் தடை பண்ணினாங்க. நம்ம தமிழ்நாட்டுல நீலகிரி அடிவாரத்துல மாயாறுப் பக்கந்தான் இன்னும் கொஞ்சம் பாறு பறக்கு. மனுசன் சிறுநீரகம் பாறோடத அளவுக்கு மோசமில்ல. ஆனா அதே கூட்டத்து மருந்த வாரக்கணக்குல, மாசக்கணக்குல தின்னவங்க டயாலிசிஸ் வரிசையில உக்காந்திருக்கதும் பொய்யில்ல.

அதனால நீ திங்குத மாத்திரைய வீட்டுல எல்லாருக்கும் பங்கு வைக்காதே. எனக்கு மூட்டுவலின்னு ரெண்டக் கொடுத்துராதே. நான் பிரஷருக்கும், நீர் பிரியுததுக்கும் மாத்திரை திங்குதவன். அதோட உன் ஐபுபுரூபன் சேந்தா என் சிறுநீரகம் கடைய அடைச்சிரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மாசமா இருக்கா, அவளுக்கு ஆகாது. ஆஸ்துமாக்காரங்களுக்கு இழுப்பு வந்துரும், எல்லாருக்கும் இல்ல, சிலருக்கு. வயித்துப் புண்ணு உள்ளவங்க, இருதயத்துக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை திங்குதவங்க, பல் டாக்டருகிட்ட மொதல்லயே சொல்லிரணும். தானா அந்த மாத்திரைய நிறுத்தவும் கூடாது. கொசுக்காலத்துல காய்ச்சல் வந்தா, டெங்கு இல்லன்னு தெரியுதவரைக்கும் ஐபுபுரூபனத் தொடாதே.

பையில மிச்சம் என்ன? அமாக்சிசிலின். இது கிருமிக்கு, வலிக்கு இல்ல. ‘வலி நின்னுட்டு’ன்னு இத நிப்பாட்டுததும் தப்பு, ‘வலி நிக்கல’ன்னு இதக் கூடத் திங்குததும் தப்பு. எழுதின நாளுக்கு, எழுதின அளவு. அப்புறம் மெட்ரோனிடசோல். இதுதான் உங்க சித்தப்பனுக்குன்னு சொன்னேன்ல, அந்த ஆளு. இதத் திங்குத நாள்லயும் நிப்பாட்டின பிறகு ரெண்டு மூணு நாளும் ஒரு சொட்டு சாராயம் ஆகாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, கொடலு வெளிய வர்ர மாதிரி வாந்தி வரலாம். அவன் பாட்டில எடுத்துட்டு உன் பக்கத்துல உக்காந்தா இந்த அட்டையக் காட்டு. படிக்கமாட்டான், ஆனா அட்டையப் பாத்தா எழுந்திருச்சுப் போயிருவான்.

இன்னைக்குப் பூரா துப்பாதே, கொப்பளிக்காதே. எளநிய ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே. டம்ளர்ல ஊத்திக் குடி. பீடி சிகரெட்டு வாடையே கூடாது. நீ குடிக்கிறதில்லன்னு உங்கம்ம நம்புதா, நான் ஒண்ணும் சொல்லல. பல்லு இருந்த குழியில ரத்தம் கட்டி நிக்கும். எலும்புக்கு அதுதான் மூடி. உறிஞ்சினா மூடி கழண்டு போகும். நாளைக்கு மேல, சாப்பிட்ட பிறகு வெதுவெதுன்னு உப்புத் தண்ணிய வாயில வச்சி மெதுவா வழியவிடு.

வலி ஒவ்வொரு நாளும் ஒரு படி இறங்கணும். இறங்கினது மூணாம் நாளு நாலாம் நாளு திடீர்னு மேல ஏறி, காது வரைக்கும் இழுத்து, வாயில நாத்தம் வந்தா, மூடி கழண்டு எலும்பு தெரியுதுன்னு அர்த்தம். அதுக்கு மாத்திரையக் கூட்டிக் கூட்டிப் பிரயோசனமில்ல, செட்டு வாங்கவும் ஓடாதே. பல் டாக்டரம்மாகிட்டப் போ. குழியக் கழுவி, கிராம்புத் தைல மருந்து வச்சி விடுவாக. உங்க அத்தைக்கு அன்னைக்குத் தலைகால் புரியாது, ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ம்பா. சொல்லிட்டுப் போறா, விடு.

ஆனா வீக்கம் தாடையத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கி, காய்ச்சல் அடிச்சு, எச்சி முழுங்க முடியாம, மூச்சு முட்டினா, அது கம்பவுண்டர் தாத்தாவுக்குள்ள வேலை இல்ல. ராத்திரி எத்தனை மணியானாலும் சரி, என்ன எழுப்பாதே. 108-க்கு போன் போடு.